எக்ஸ்பிக்குள் ஒரு கும்பாபிஷேக மலர்

சித்தப்பா போனில் நலம் விசாரிப்பது ஒரு வரிதான். அடுத்த வரியில் வேலை வந்துவிடும். போன வருஷம் ஆடியில் வந்த அழைப்பும் அப்படித்தான். "டேய், நம்ம அம்மன் கோயில்ல வர்ற தையில கும்பாபிஷேகம் வெச்சிருக்காங்க. போன தடவை நாம அடிச்சுக் குடுத்தோமே மலர், அதுல இருக்கற தலவரலாறு, பாமாலை எல்லாத்தையும் அப்படியே இந்த மலர்லயும் போடணுமாம். பைல் உன்கிட்டதான இருக்கு?"

"இருக்கு சித்தப்பா" என்று சொல்லிவிட்டேன். பொய்யில்லை. ஆனால் அது இருந்த இடத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி, மரப்பொந்தில் உள்ள கிளியின் கழுத்தில் மந்திரவாதியின் உயிர் இருக்கும் என்று ஆயா கதை சொல்வார்களே, அந்த மாதிரி. பரணில் கிடந்த மடிக்கணினிக்குள் விண்டோஸ் 7, அதற்குள் ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டிக்காட்டும் விர்ச்சுவல்பாக்ஸ், அதற்குள் விண்டோஸ் எக்ஸ்பி, அதற்குள் பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் 7, அதற்குள் மலர்.

சித்தப்பாவுக்குத் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு சின்ன ஆப்செட் அச்சகம். கல்யாணப் பத்திரிகை, பில் புக், கருமாதிப் பத்திரிகை, எப்போதாவது ஒரு மலர். டிடிபி வேலை எல்லாம் பேஜ்மேக்கரில்தான். 7.0 வந்தது 2001இல். 2004இல் அடோபி அதை மேற்கொண்டு வளர்ப்பதை நிறுத்தி, எல்லோரும் இன்டிசைனுக்கு வாருங்கள் என்றது. எங்கள் பக்கத்து அச்சகங்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காரணம் பிடிவாதம் மட்டுமல்ல. யுனிகோடு பரவுவதற்கு முந்தைய 8-பிட் தமிழ் எழுத்துருக்களில்தான் அத்தனை கோப்புகளும் இருந்தன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அம்மன் பெயருக்குப் பதில் கொம்பும் வாலும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகள் வந்து நிற்கும். போதாததற்கு, தட்டச்சு செய்ய ஒரு தமிழ் மென்பொருள். அதற்கு யுஎஸ்பியில் செருகும் ஒரு லாக். லாக் இல்லையென்றால் விசைப்பலகை ஆங்கிலம் மட்டும்தான் பேசும். அந்த மென்பொருள் எக்ஸ்பியைத் தாண்டி வரவில்லை.

அதனால்தான் 2011இல் அந்த ஏற்பாட்டைச் செய்தேன். கடையில் இருந்த எக்ஸ்பி கணினி மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. என்னிடம் முந்தின வருஷம் வாங்கிய மடிக்கணினி: பென்டியம் டூயல்-கோர், 2 ஜிபி நினைவகம், 32-பிட் விண்டோஸ் 7 ஹோம் பேசிக். விண்டோஸ் 7உடன் மைக்ரோசாஃப்ட் 'எக்ஸ்பி மோட்' என்று ஒன்றைச் சும்மாவே கொடுத்தது உண்மைதான். ஆனால் அது புரொஃபஷனலுக்கும் அதற்கு மேற்பட்டவற்றுக்கும்தான். ஹோம் பேசிக் வைத்திருப்பவன் பந்தியில் இலை போட்ட பிறகு எழுப்பிவிடப்பட்டவன் மாதிரி. அப்போதுதான் விர்ச்சுவல்பாக்ஸ் 4.0 வந்திருந்தது. இறக்கினேன், எக்ஸ்பியைப் போட்டேன், 512 எம்பி ஒதுக்கினேன், ஓடியது. ஓடுகிறதே என்று விட்டுவிட்டேன். அது எப்படி ஓடியது என்பது வருஷங்கள் கழித்து, பழையதையும் புதியதையும் ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் உறைத்தது.

அந்தப் பென்டியத்தில் விடி-எக்ஸ் கிடையாது. ஒரு இயங்குதளத்துக்குள் இன்னொன்றை ஓட்ட இன்டெல் தன் சில்லிலேயே கொடுக்கும் வசதிக்கு அதுதான் பெயர். 2005 கடைசியில் சில பென்டியம் 4களில் வந்தது. போட்டி நிறுவனமான ஏஎம்டி அடுத்த வருஷம் தன்னுடையதை ஏஎம்டி-வி என்று கொடுத்தது. ஆனால் மலிவான சில்லுகளில் பல வருஷம் அதை எடுத்துவிட்டுத்தான் விற்றார்கள். இன்றைக்கு விர்ச்சுவல்பாக்ஸ் 7ஐ அது இல்லாத சில்லில் ஓட்டப் பார்த்தால் முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடும். 2011இல் அது வாயே திறக்கவில்லை. தானே பார்த்துக்கொண்டது.

தானே பார்த்துக்கொள்வது என்றால் லேசான காரியமில்லை. 1974இலேயே போப்பெக், கோல்ட்பெர்க் என்ற இரண்டு பேர் ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை ஒழுங்காக ஓட்ட என்ன வேண்டும் என்று எழுதிவைத்துவிட்டார்கள். சாரம் இது: உள்ளே இருப்பவன் தன் அதிகாரத்துக்கு மீறிய எதையாவது செய்யப்போனால் சில்லு அவனைப் பிடித்து நிறுத்தி வெளியே இருப்பவனிடம் சொல்ல வேண்டும். நம் மேசைக் கணினிகளின் எக்ஸ்86 சில்லு அப்படிச் செய்யாது. உதாரணத்துக்கு பாப்எஃப் என்று ஒரு கட்டளை. நடுவில் வந்து வேலையை நிறுத்தச் சொல்லும் குறுக்கீடுகளை ஏற்கலாமா கூடாதா என்ற குறியையும் சேர்த்து மாற்றக்கூடியது. அதிகாரம் உள்ளவன் சொன்னால் மாற்றும். இல்லாதவன் சொன்னால் தவறு என்று கூவாது. அந்தக் குறியை மட்டும் தொடாமல் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். உள்ளே இருக்கும் எக்ஸ்பி மாற்றியாகிவிட்டது என்று நம்பிக்கொண்டிருக்கும், வெளியே இருப்பவனுக்குச் செய்தியே வராது. 2000இல் வந்த ஓர் ஆய்வு பென்டியத்தில் இந்த மாதிரித் தகராறு பிடித்த கட்டளைகள் 17 என்று எண்ணிக் காட்டியது.

எக்ஸ்86இல் இது நடக்காது என்று பலர் கைவிட்டிருந்த நேரத்தில்தான், ஸ்டான்ஃபோர்டிலிருந்து வந்த மெண்டல் ரோசன்பிளம், அவர் மனைவி டயான் கிரீன் உள்ளிட்ட ஐந்து பேர் 1998இல் விஎம்வேரைத் தொடங்கினார்கள். 1999 மே மாதம் வொர்க்ஸ்டேஷன் 1.0 வந்தது. உள்ளே ஓடும் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலின் கட்டளைகளைச் சில்லுக்குப் போகும் முன்பே படித்து, வம்பானவற்றை மட்டும் மாற்றி எழுதி ஓடவிடுவது அவர்கள் கண்ட வழி. தேர்தல் மேடையில் டெல்லித் தலைவர் பேசப் பேச, பக்கத்தில் நின்று தமிழில் சொல்பவர் ஏடாகூடமான வரியை மட்டும் பதமாக்கிச் சொல்வாரே, அந்த வேலை. ஒரே வித்தியாசம், இவர் ஒரு விநாடிக்குள் பல லட்சம் வரிகளைப் பார்த்தாக வேண்டும்.

விர்ச்சுவல்பாக்ஸ் வேறு தினுசு. இன்னோடெக் என்ற ஜெர்மானிய நிறுவனம் எழுதியது. 2007 ஜனவரியில் மூலநிரலைத் திறந்துவிட்டார்கள். அடுத்த வருஷம் சன் வாங்கியது, 2010இல் சன்னையே ஆரக்கிள் வாங்கியது. அதன் பழைய முறையில் எக்ஸ்பியின் கெர்னல், தான் இருக்க வேண்டிய, சில்லு முழு அதிகாரம் கொடுக்கும் வளையம் 0இல் இருக்காது. ஒரு படி இறக்கி வளையம் 1இல் உட்கார வைத்துவிடுவார்கள். உட்கார்ந்திருப்பது கீழ்ப்படி என்று அதற்குத் தெரியக்கூடாது. அது காட்டிக்கொடுத்துவிடும் என்று தோன்றும் இடங்களை முன்கூட்டியே அலசி, நிரலில் ஒட்டுப்போடுவார்கள். ஒட்டும் எடுபடாத இடத்தில் க்யூஇஎம்யு என்ற இன்னொரு மென்பொருளிலிருந்து எடுத்த, கட்டளைகளை மாற்றி எழுதும் மறுதொகுப்பியிடம் விட்டுவிடுவார்கள். அப்படி ஒரு நாடகம் என் 2 ஜிபி மடிக்கணினிக்குள் நடந்துகொண்டிருக்க, நான் மேலே உட்கார்ந்து மொய் விருந்து அழைப்பிதழுக்குப் பார்டர் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இதில் எனக்குப் பிடித்த ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். சில்லே உதவ வந்த பிறகு எல்லாம் வேகமாகியிருக்கும் என்றுதானே நினைப்போம்? 2006இல் விஎம்வேரின் கீத் ஆடம்ஸும் ஓலே ஏகசனும் இரண்டையும் அளந்து பார்த்து எழுதினார்கள். முதல் தலைமுறைச் சில்லு உதவியைவிட அவர்களுடைய பழைய மொழிபெயர்ப்பு வித்தையே பல இடங்களில் வேகமாக இருந்தது. சில்லு முறையில் ஒவ்வொரு தடவை உள்ளேயும் வெளியேயும் போய்வருவதற்கு ஆன செலவு அப்படி. நினைவகப் பக்கங்களின் கணக்கையும் சில்லே பார்த்துக்கொள்ளும் வசதி 2007, 2008 வாக்கில் ஏஎம்டியிலும் இன்டெலிலும் வந்த பிறகுதான் நிலைமை மாறியது. அதன்பிறகு மொழிபெயர்ப்பாளருக்கு மேடையில் வேலை குறைந்துகொண்டே போயிற்று.

சரி, மலருக்கு வருவோம்.

பரணிலிருந்து மடிக்கணினியை இறக்கித் தூசு தட்டி மின்சாரம் கொடுத்தால், பேட்டரி செத்திருந்தாலும் ஆள் எழுந்துவிட்டான். நடுவில் நான் விர்ச்சுவல்பாக்ஸை 4.3, 5.2 என்று ஏற்றிவிட்டு அதோடு நின்றிருந்தேன். நிற்கத்தான் முடியும். 2018 டிசம்பரில் வந்த 6.0, 32-பிட் கணினிகளைக் கைவிட்டுவிட்டது. அடுத்த வருஷம் வந்த 6.1 இன்னும் ஒரு படி மேலே போய், நான் மேலே சொன்ன அந்த வளையம் 1 நாடகத்தையே மூட்டை கட்டிவிட்டது. விடி-எக்ஸோ ஏஎம்டி-வியோ இருந்தால் வா, இல்லையென்றால் வராதே. பராமரிக்கிறவன் இடத்தில் நின்று பார்த்தால் நியாயம்தான். அவ்வளவு சிக்கலான நிரலை 2019இல் யாருக்காகச் சுமப்பது? எனக்காக என்று கைதூக்க ஆசைதான்.

என் இப்போதைய மடிக்கணினியில் விண்டோஸ் 11, 16 ஜிபி நினைவகம், விர்ச்சுவல்பாக்ஸ் 7.1. பழையதில் எக்ஸ்பியின் ஹார்டு டிஸ்க்காக நடித்துக்கொண்டிருந்த வட்டுக் கோப்பை வெளி ஹார்டு டிஸ்க்கில் எடுத்துவந்து இதில் மாட்டிவிட்டால் முடிந்தது என்று கணக்குப் போட்டேன். எக்ஸ்பியின் அடைவில் 9 ஜிபிக்கு ஒரு பெரிய விடிஐ கோப்பு. பக்கத்தில் ஸ்னாப்ஷாட் என்று ஒரு அடைவு, அதற்குள் வாயில் நுழையாத எண்களைப் பெயராகக் கொண்ட பதினோரு கோப்புகள். அது ஏதோ குப்பை என்று முடிவுகட்டி, பெரியதை மட்டும் நகலெடுத்தேன். இந்தத் துறையில்தான் சாப்பிடுகிறேன் என்று வெளியில் சொல்லிக்கொள்ளாதவரை நல்லது.

7.1இல் புதிதாக ஒரு எக்ஸ்பி இயந்திரம் உருவாக்கி அந்த வட்டை மாட்டினேன். எழுந்தது. அதே பச்சைப் புல்வெளி, அதே தொடக்க இசை. பேஜ்மேக்கர் சின்னமும் இருந்தது. 'மலர்' அடைவு மட்டும் இல்லை. தேடினேன். மறுசுழற்சித் தொட்டியில் பார்த்தேன். கடைசியாகத் திறந்த கோப்புகளின் பட்டியலைப் பிரித்தால் ஒரு மஞ்சள் நீராட்டு விழா அழைப்பிதழ், தேதி 2012. மூலையில் இருந்த கடிகாரம் 2025 என்கிறது, ஏனென்றால் அது நேரத்தை வெளியே இருக்கும் கணினியிடம் கேட்டுக்கொள்கிறது. மற்ற எல்லாமும் 2012.

அப்போதுதான் பொறி தட்டியது. ஸ்னாப்ஷாட் என்பது பின்னால் திரும்பிவர வசதியாக இயந்திரத்தின் நிலையைப் பிடித்துவைப்பது. அதை எடுத்த அந்த நிமிஷத்தில் பெரிய வட்டுக் கோப்பு உறைந்துபோகும். அதற்குப்பின் எழுதுவதெல்லாம் பக்கத்தில் ஒரு புதிய கோப்பில் போய்ச் சேரும். அடுத்த ஸ்னாப்ஷாட்டுக்கு இன்னொன்று. நான் 2012இல் முதல் ஸ்னாப்ஷாட்டை எடுத்திருக்கிறேன். அதற்கப்புறம் கடையில் நடந்த அத்தனை வேலையும், மலர் உட்பட, நான் குப்பை என்று விட்டுவந்த பதினோரு கோப்புகளில். கல்யாண ஆல்பத்தின் அட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தவன் நிலைமை.

ஒரே ஒரு நல்ல காரியம், நகலில் கை வைத்தேன், மூலத்தில் அல்ல. மூல வட்டையே புது இயந்திரத்தில் நேராக மாட்டி எழுப்பியிருந்தால், அதில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் அதன்மேல் அடுக்கியிருந்த பதினோரு கோப்புகளும் எதன்மேல் நிற்கிறோம் என்று தெரியாமல் சரிந்திருக்கும். அதை நினைத்து அன்றிரவு தூக்கம் வரவில்லை.

மறுநாள் ஒழுங்காகச் செய்தேன். பழைய மடிக்கணினியில் எக்ஸ்பியை எழுப்பி, மலர் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து, முறையாக ஷட்டவுன் செய்தேன். பாதியில் உறைய வைத்த நிலையில் விட்டிருந்தால் வேறு பதிப்பு அந்த நிலையைத் திரும்ப ஏற்காமல் போகலாம். பிறகு ஏற்றுமதி. பன்னிரண்டு கோப்புகளின் கடைசி நிலையையும் ஒன்றாக உருட்டி ஓவிஏ என்ற ஒரே கோப்பாகத் தரும். அந்தப் பழைய வட்டும் பென்டியமும் சேர்ந்து அதற்கு ஒரு சாயங்காலம் முழுவதையும் எடுத்துக்கொண்டன. 7.1இல் இறக்குமதி செய்யும்போது நெட்வொர்க் அட்டையின் முகவரியைப் பழையபடியே வைத்துக்கொள்ளச் சொன்னேன். எக்ஸ்பி தன் உரிமத்தைச் சரிபார்க்கும்போது வன்பொருள் எவ்வளவு மாறியிருக்கிறது என்று எண்ணிப் பார்க்கும். அந்த முகவரியும் கணக்கில் உண்டு. இன்றைக்கு எக்ஸ்பிக்கு உரிமம் கேட்டு யாரிடம் போய் நிற்பது?

இந்தத் தடவை மலர் இருந்தது. ஆனால் சுட்டியை நகர்த்தினால் விட்டுவிட்டு நகர்ந்தது. ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குப் போக பேஜ்மேக்கர் யோசித்தது. பதினைந்து வருஷப் பழைய பென்டியத்தில் இதைவிட இலகுவாக ஓடுகிறதே என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். புது ஜன்னலின் கீழ் மூலையில், சில்லுப் படம் இருக்க வேண்டிய இடத்தில், பச்சை நிறத்தில் ஒரு ஆமை.

விளையாட்டு இல்லை, விர்ச்சுவல்பாக்ஸில் அப்படி ஒரு சின்னம் நிஜமாகவே உண்டு. சில்லின் உதவி இப்போது நேரடியாகக் கையில் இல்லை, வேறு ஒருவன் மூலமாகக் கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன் என்று அதற்குப் பொருள். அந்த வேறு ஒருவன் ஹைப்பர்-வி, விண்டோஸோடு வரும் மைக்ரோசாஃப்டின் சொந்த விர்ச்சுவல்பாக்ஸ் மாதிரி. ஆபீஸ் வேலைக்காக நான் என் விண்டோஸில் லினக்ஸ் துணையமைப்பை, அதாவது டபிள்யுஎஸ்எல் 2ஐப் போட்டிருந்தேன். அது ஹைப்பர்-வியின் மேல் நிற்பது. ஹைப்பர்-வி எழுந்துவிட்டால் சில்லுக்கும் விண்டோஸுக்கும் நடுவே போய் உட்கார்ந்துகொள்ளும். நாம் வீட்டுக்காரர் என்று நினைத்துக்கொண்டிருக்கும் விண்டோஸ் 11 அந்த நிமிஷத்திலிருந்து தானே ஒரு குடித்தனக்காரர். முன்போர்ஷன், பெரிய போர்ஷன், கேட்டுச் சாவியும் அவரிடம்தான், இருந்தாலும் குடித்தனம்தான். அவரிடம் உள்வாடகைக்கு இருக்கும் விர்ச்சுவல்பாக்ஸ், தண்ணீர் மோட்டார் போட வேண்டுமென்றால் அவர் மூலமாகத்தான் மேலே கேட்க வேண்டும்.

இந்த ஒண்டுக்குடித்தனம் புதிய பதிப்புகளின் கதையில் முக்கியமான திருப்பம். பழைய நாளில் ஹைப்பர்-வி ஓடிக்கொண்டிருந்தால் விர்ச்சுவல்பாக்ஸும் விஎம்வேர் வொர்க்ஸ்டேஷனும் ஓடவே ஓடாது. ஒரே உறையில் இரண்டு கத்தி. விண்டோஸ் 10 காலத்தில் பாதுகாப்பு வசதிகள் ஒவ்வொன்றாக ஹைப்பர்-வியின் மேல் ஏற ஆரம்பித்ததும், பயனர்கள் தெரியாமலேயே அதை எழுப்பி வைத்தார்கள். அதனால் விர்ச்சுவல்பாக்ஸ் 6.0இல் வேறு வழியில்லாதபோது ஹைப்பர்-வி மேல் ஓடும் பாதை சேர்ந்தது. விஎம்வேரும் 2020 மே மாதம் 15.5.5இல் அதே சமாதானத்துக்கு வந்தது. ஓடாததற்கு மெதுவாக ஓடுவது மேல் என்ற சமாதானம். இந்தப் பாதையில் வேகம் கணிசமாகக் குறையலாம் என்று விர்ச்சுவல்பாக்ஸின் கையேடே எழுதி வைத்திருக்கிறது.

ஆகவே பகலில் ஆபீஸ், ராத்திரி அம்மன் என்று பிரித்துக்கொண்டேன். சாயங்காலம் கட்டளை வரியில் ஒரு வரி அடித்து ஹைப்பர்-வி கிளம்பாதபடி செய்து, கணினியை மறுதொடக்கம் செய்தால் ஆமை போய்ச் சில்லுப் படம் வந்துவிடும். எக்ஸ்பி அதற்குப் பிறகு ஓடியதை ஓட்டம் என்று சொல்ல முடியாது, பறந்தது. காலையில் திரும்ப இயக்கிவிடுவேன். இரண்டு வாரம் இப்படிப் போயிற்று.

வேகத்தைப் பற்றி நியாயமாகப் பேசினால் ஒப்பீடே தவறு. ஒரு பக்கம் சுழலும் வட்டு, மறுபக்கம் எஸ்எஸ்டி. ஆமை இல்லாதபோது புதிது ஜெயித்ததில் 7.1இன் பெருமை எவ்வளவு, எஸ்எஸ்டியின் பெருமை எவ்வளவு என்று பிரிக்க என்னிடம் தராசு இல்லை. ஆனால் வேறு ஒன்றைத் திட்டமாகச் சொல்வேன். பழைய பதிப்பில் அத்தனை பாரத்தையும் மென்பொருள் சுமந்தது. புதிய பதிப்பில் அதைச் சில்லும் இயங்குதளமும் பங்கிட்டுக்கொண்டுவிட்டன. மென்பொருளுக்கு மிச்சம் வரவேற்பறை வேலை. அதனால்தான் இறங்கும் கோப்பு 100 எம்பியைத் தாண்டியும், உள்ளே இருக்கும் சாகசம் பழையதைவிடக் கம்மி என்று எனக்குத் தோன்றுகிறது.

வரவேற்பறை மட்டும் ஜோர். 7.1இல் அமைப்புகளை எளிய முறை, நிபுணர் முறை என்று இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். 7.0இலேயே இயங்குதளத்தை ஆள் இல்லாமல் தானே நிறுவிக்கொள்ளும் வசதி திருந்திவிட்டது, முழு இயந்திரத்தையும் பூட்டிவைக்கும் குறியாக்கம் வந்தது, விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லையும் பொய்யாக உருவாக்கிக் கொடுக்கிறது. எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் கேட்டது குறைந்தபட்சம் 64 எம்பி நினைவகம். விண்டோஸ் 11க்கு 4 ஜிபி. அறுபத்து நாலு மடங்கு. ஒரே வரவேற்பறையில் இரண்டு பேரையும் உட்கார வைக்கிறது என்பதைப் பாராட்டத்தான் வேண்டும்.

எனக்கு நேரடியாகப் பயன்பட்டது யுஎஸ்பி விஷயம். பழைய பதிப்பில் அடிப்படை மென்பொருளோடு வருவது யுஎஸ்பி 1.1 மட்டும். அதற்கு மேல் வேண்டுமென்றால் எக்ஸ்டென்ஷன் பேக் என்ற தனிப் பொதி. அது சொந்த உபயோகத்துக்கும் படிப்புக்கும் இலவசம், வியாபாரத்துக்குக் காசு. சித்தப்பாவுடையது அச்சகம், ரசீது போடுகிற கடை. அதனால் அந்தப் பொதியை நான் போடவேயில்லை. லாக்குக்கு 1.1 போதும். பென் டிரைவ் மட்டும் பழைய வேகத்தில்தான் போகும், அதனால் பகிர்ந்த அடைவு வழியாகவே கோப்புகளைக் கடத்திக்கொண்டிருந்தேன். 7.0 வந்தபோது யுஎஸ்பி 2, 3 இரண்டையும் அடிப்படைத் தொகுப்பிலேயே சேர்த்துவிட்டார்கள். வெளியீட்டுக் குறிப்பில் ஒரே ஒரு வரி. எங்களைப் போன்ற கடைகளுக்கு டிபிஎம்மைவிட அந்த வரி பெரிது.

போனதும் உண்டு. எக்ஸ்பிக்குள் முப்பரிமாண முடுக்கம் 6.1ஓடு போய்விட்டது. பேஜ்மேக்கருக்கு அது தேவையில்லை. பழைய விளையாட்டுகளை மறுபடி ஆட நினைத்தவர்கள்தான் இன்னும் 6.0ஐக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். உள்ளே இருப்பவனையும் வெளியே இருப்பவனையும் இணைக்கும் கெஸ்ட் அடிஷன்ஸை நான் புதுப்பிக்கவேயில்லை; எக்ஸ்பிக்குள் ஏற்கெனவே இருந்த பழையதே பகிர்ந்த அடைவுக்கும் சுட்டிக்கும் போதும் என்று விட்டுவிட்டேன். வேலை செய்வதைக் கிளறாதே என்பது அச்சகத்தில் கற்ற பாடம், ஓடுகிற மெஷினில் எண்ணெய் மட்டும்தான் விட வேண்டும்.

இதே எக்ஸ்பியை விஎம்வேரிலும் போட்டுப் பார்த்தால் என்ன என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை தோன்றியது. 2011இல் அதை நினைத்துக்கூடப் பார்த்ததில்லை, காசு கொடுத்து வாங்க வேண்டிய சாமான். வொர்க்ஸ்டேஷன் ப்ரோ கடைசிக் காலத்தில்கூட 199 டாலர். 2023 நவம்பரில் விஎம்வேரை பிராட்காம் வாங்கியது. 2024 மே மாதம் சொந்த உபயோகத்துக்கு இலவசம் என்றார்கள், நவம்பரில் வியாபாரத்துக்கும் சேர்த்து இலவசம் என்றுவிட்டார்கள். பதிப்பு எண்ணும் 17க்கு அப்புறம் 25ஹெச்2 என்று கார் மாடல் வருஷம் மாதிரி ஆகிவிட்டது. அதில் எனக்குப் பிடித்தது, ஒவ்வொரு இயந்திரத்துக்கும் 'வன்பொருள் பதிப்பு' என்று ஒரு எண் உண்டு. மென்பொருள் புதிதானாலும் உள்ளே இருப்பவனுக்குத் தெரியும் வன்பொருளைப் பழைய எண்ணிலேயே விட்டுவைக்கலாம். எக்ஸ்பி வகையறாவுக்கான கருவிகளும் விஸ்டாவுக்கு முந்தையவை என்று தனி ஐஎஸ்ஓவாக, வளர்ச்சி நின்றுபோன நிலையில், இருக்கின்றன. ஆனால் அங்கேயும் போனது உண்டு. நடந்ததைப் பதிவுசெய்து அப்படியே திரும்ப ஓட்டிக்காட்டும் வசதி ஒன்று 6ஆம் பதிப்புக் காலத்தில் இருந்தது; 8இல் எடுத்துவிட்டார்கள். லினக்ஸ் ஜன்னல்களை வெளியே கொண்டுவந்து காட்டும் யூனிட்டியை 12இல் எடுத்தார்கள்.

பழைய பொருளைப் போட்டு வைக்கத்தானே இந்தப் பெட்டி? பெட்டியே வருஷத்துக்கு ஒரு தரம் புதிதாகிறது, புதிதாகும்போதெல்லாம் உள்ளே இருக்கும் பழையதில் ஒன்றிரண்டைத் தெருவில் இறக்கிவிடுகிறது. பாட்டியின் பெட்டியை மாற்றுகிறோம் என்று ஆரம்பித்துக் கடைசியில் பாட்டியிடம் உனக்கு இந்தப் புடவை எதற்கு என்று கேட்கிற மாதிரி. இதனால்தான் எந்தப் பதிப்பு நல்லது என்று யாராவது கேட்டால் உள்ளே யாரை வைக்கப் போகிறாய் என்று திருப்பிக் கேட்கிறேன். விண்டோஸ் 11ஐயோ புது உபுண்டுவையோ வைப்பவருக்குப் பழைய பதிப்பில் ஒரு வேலையும் இல்லை. எக்ஸ்பியையோ 98ஐயோ வைப்பவர் புதிய பதிப்பின் குறிப்புகளில் 'நீக்கப்பட்டது' என்று வரும் வரிகளை முதலில் படிக்க வேண்டும்.

சித்தப்பா மகன் மேக் வைத்திருக்கிறான், எம்1 சில்லு. "அண்ணா, இதுல போட்டா பறக்குமே?" என்றான். பறக்காது. அது ஆர்ம் சில்லு. எக்ஸ்பி பேசுவது எக்ஸ்86 பாஷை. அங்கே இந்த மாதிரி இடம் ஒதுக்கும் வித்தை எடுபடாது, ஒவ்வொரு கட்டளையையும் பாஷை மாற்றிப் போலிசெய்ய வேண்டும், அது வண்டி மாட்டு வேகம். 1997இல் கனெக்டிக்ஸ் என்ற நிறுவனம் விர்ச்சுவல் பிசி என்று பவர்பிசி மேக்குகளுக்குக் கொண்டுவந்ததும் இதே போலிசெய்யும் வேலைதான். சுற்றிச் சுற்றி மேக்காரர்கள் கிளம்பிய இடத்துக்கே வந்திருக்கிறார்கள் என்றேன். அவனுக்கு அதில் சுவாரசியம் ஒன்றும் தெரியவில்லை.

மலர் மார்கழிக்குள் முடிந்தது. தலவரலாறு பன்னிரண்டு பக்கம், பாமாலை நாலு. எக்ஸ்பிக்குள் திறந்து, எழுத்துரு சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பக்கம் பக்கமாகப் பார்த்து, பிடிஎஃப் ஆக்கி வெளியே எடுத்தேன். இணையத்தை எக்ஸ்பிக்குக் கண்ணிலேயே காட்டவில்லை. 2014 ஏப்ரலோடு அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. புரூஃப் பார்க்கும்போது சித்தப்பா பழைய மலரில் விட்டிருந்த ஒரு ஒற்றுப்பிழையைக் கண்டுபிடித்தார். அதைத் திருத்த லாக்கைச் செருகிப் பேஜ்மேக்கரை மறுபடி திறக்க வேண்டியிருந்தது. அன்றைக்கு ஹைப்பர்-வியை நிறுத்த மறந்திருந்தேன். ஒரே ஒரு 'ப்' போட ஆமையோடு காத்திருந்தோம்.

"இன்னும் பன்னெண்டு வருசம் கழிச்சு மறுபடி கேப்பாங்களே" என்றார் சித்தப்பா, தாளை மடித்துக்கொண்டே.

அதற்கு என்னால் முடிந்ததைச் செய்திருக்கிறேன். அந்த ஓவிஏ கோப்பு, விர்ச்சுவல்பாக்ஸ் 5.2, 7.1 இரண்டின் நிறுவுகோப்புகள், எழுத்துருக்கள், என்ன வரிசையில் எதைப் போட வேண்டும் என்று தமிழில் அடித்த ஒரு பக்கம், எல்லாவற்றையும் இரண்டு ஹார்டு டிஸ்க்கில் ஏற்றினேன். ஒன்று என்னிடம். இன்னொன்றைச் சித்தப்பா லாக்கோடு சேர்த்து ஒரு மஞ்சள் துணியில் முடிந்து, கல்லாப்பெட்டியில் கோயில் விபூதிப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். பழைய மடிக்கணினியைத் தூக்கிப் போடட்டுமா என்று சித்தி கேட்டபோது இரண்டு பேரும் ஒரே குரலில் வேண்டாம் என்றோம். அது திரும்பப் பரணுக்குப் போயிருக்கிறது.